கையளவுக் கடற்கரை

பேசாலையிலோ தலைமன்னாரிலோ உள்ள ஒரு முன்பள்ளி ஆசிரியையிடம், சிறு பிள்ளைகள் சுற்றி நின்று விளையாடுவதற்கு மணலும் நீரும் இட்ட மேசை ஒன்று செய்து வைக்கவேண்டும் என்று யாரேனும் சொன்னால், படலையைத் திறந்தால் மணலும் பனங்கூடலைக் கடந்தால் கடலுமாக இருக்கின்ற மன்னார்த் தீவில் மணலுக்கென்று ஒரு மேசை எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். அக்கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கு விடை காணாமல், குழந்தைக் கல்வி பற்றிய மேல்நாட்டு நூல்கள் புலன் விளையாட்டு மேசை என்று போற்றும் ஓர் உபகரணத்தை விலை கொடுத்து வாங்கி வகுப்பறையின் மூலையில் நிறுத்துவதால் யாதொரு பயனும் விளையாது. விடை ஒன்று உண்டு. அதனை விளங்கிக்கொண்டவருக்கு, எந்த மேசையைத் தெரிவது, அதில் எதை இடுவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற மூன்றும் தாமே தெளிவாகும்.

கடற்கரையில் விளையாடும் குழந்தையை ஊன்றிக் கவனியுங்கள். அது மணலைக் குவிக்கிறது. குவியல் சரிந்ததற்குக் காரணம் மணல் உலர்ந்திருந்ததா, காற்று வீசியதா, அலை வந்து அடியை அரித்ததா, அண்ணன் ஓடிவந்து மிதித்தானா என்று பிரித்தறிய அதனால் இயலாது. இயற்கை தன் காரணங்கள் அனைத்தையும் ஒரே கணத்தில் ஏவிவிடுகிறது. விஞ்ஞானி தன் ஆய்வுகூடத்தில் செய்கின்ற முதற்காரியம், பரந்த இயற்கையினின்றும் ஒரு சிறு துண்டைப் பிரித்தெடுத்து, ஏனைய காரணங்களை எல்லாம் அசையாமல் நிறுத்தி, ஒன்றை மாத்திரம் மாற்றி என்ன நிகழ்கிறது என்று பார்ப்பதேயாகும். நான்கு விளிம்புகளைக் கொண்ட ஒரு தாழ்ந்த மேசை, நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வசதியை அளிக்கிறது. ஆகவே ஒரு பொருள், ஒரு மாற்றம், போதிய நேரம் என்ற மூன்றையும் இம்மேசையின் பிரமாணமாகக் கொள்ளலாம். கடற்கரை குழந்தைக்கு வியப்பைத் தருகிறது. மேசை அவ்வியப்பை மீண்டும் மீண்டும் விசாரிக்கும் வாய்ப்பைத் தருகிறது. இரண்டும் வேண்டும்.

கை அறியும் விதம்

ஞானேந்திரியங்கள் ஐந்தனுள் ஸ்பரிசத்தை நாம் மிகக் குறைவாகவே மதிக்கிறோம். ஆயினும் விரல்நுனியின் ஒரு சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்பரிச நரம்பிழைகள் வந்து முடிகின்றன. அவற்றின் முனைகளில் அமைந்த ஏற்பிகள் நால்வகைப்படும்: அழுத்தத்தையும் விளிம்பையும் நிலைத்து உணர்த்துவன சில, தோலின் மீது பொருள் வழுக்கும்போது எழும் மெல்லிய அசைவை உணர்த்துவன சில, தோல் இழுபடுவதை அறிவிப்பன சில, நொடிக்கு இருநூறு முந்நூறு முறை துடிக்கும் நுண்ணதிர்வையும் தவறாமல் பற்றுவன சில. நுண்மணலைத் தேய்க்கும்போது அதன் நயமும் சொரசொரப்பும் நமக்குப் புலனாவது பெரும்பாலும் இந்த அதிர்வின் வழியாகவே ஆதலால், அசையாத விரலுக்கு நுண்மணலின் தன்மை பாதிகூடத் தெரிவதில்லை. தொட்டவுடன் அறிந்துவிடுவதன்று ஸ்பரிசம். தேடிச் சென்று அறிவது அது.

இதனை முறையாக ஆராய்ந்து சூசன் லெடர்மன், ரொபேர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலறிஞர் 1987 இல் வெளியிட்ட ஆய்வு, கையின் அசைவுகளை இனம் பிரித்துக் காட்டியது. சொரசொரப்பை அறியவேண்டின் மனிதன் பொருளின்மீது விரலை முன்னும் பின்னுமாகத் தேய்க்கிறான்; கடினத்தை அறியவேண்டின் அழுத்துகிறான்; வெப்பத்தை அறியக் கையை அசைக்காமல் வைக்கிறான்; நிறையை அறியத் தூக்கிப் பார்க்கிறான்; உருவத்தை அறிய உள்ளங்கையில் பொத்தியும் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டியும் பார்க்கிறான். மேசையருகே நிற்கும் குழந்தை மணலைத் தேய்ப்பதையும் பிசைவதையும் அள்ளி ஒழுகவிடுவதையும் வெறும் குறும்பென்று எண்ணுகின்ற நாம், அவ்வொவ்வோர் அசைவும் ஒரு தனி வினா என்பதை உணர்ந்தால், "கையை அழுக்காக்காதே" என்று சொல்வதற்கு முன் சற்றுத் தயங்குவோம். இத்தகைய மேசை மூளையைப் பெருக்கும், நுண்ணறிவை உயர்த்தும் என்று விற்பனையாளர் சிலர் கூறுவதை அப்படியே நம்பவேண்டியதில்லை. பொருள்களின் சுபாவத்தைக் கையால் அறிந்த அநுபவம் பின்னர் வரும் சொல்லுக்கும் எண்ணுக்கும் அடித்தளமாகிறது என்ற அளவே நமக்குப் போதுமானது.

மணல் சென்ற தூரம்

மணலைக் கல்விக்கு உபகரணமாக்கும் எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணாக்கர் ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவதற்கு முன், தரையில் பரப்பிய மணலில் சுட்டுவிரலால் எழுத்துக்களை வரைந்து பழகினார்கள். ஏடு தொடக்கும் நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் வழக்கம் ஈழத்திலும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறார் விடுதியின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஸ்கொத்லாந்து நாட்டவரான அன்றூ பெல், ஒருநாள் வழியிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். அவருடைய உதவியாசிரியர்கள் அதற்கு இணங்காதபோது, மூத்த மாணவன் ஒருவனிடமே இளையோருக்கு மணலெழுத்தைக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். அவர் 1797 இல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கை வாயிலாக இம்முறை இங்கிலாந்தெங்கும் பரவியது; அக்காலத்தில் ஜோசப் லங்காஸ்ரர் நடத்திய பாடசாலைகளிலும் மிக இளைய மாணவர்க்கு விளிம்பு கட்டி மணல் பரப்பிய மேசைகள் போடப்பட்டன. தமிழ்ப்பிள்ளைகள் குனிந்து எழுதிய தரை, கடல் கடந்த பின் கால் முளைத்து மேசையாயிற்று என்று சொல்லலாம்.

அங்கிருந்து அதன் பயன் விரிந்தது. ஜேர்மனியில் புறோபெல் 1837 இல் தொடங்கிய குழந்தைக் கல்வி இயக்கம் விளையாட்டையே கல்வியாகக் கொண்டது. பேர்லின் நகரத்துப் பொதுப் பூங்காக்களின் மணற்குவியல்களைக் கண்டு வந்த மருத்துவர் மேரி சக்ஷெவ்ஸ்காவின் தூண்டுதலால் 1885 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக மணற்குவியல் இடப்பட்டது. இலண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர், உள்ளே துத்தநாகத் தகடு பதித்த தட்டுகளில் மணலும் நீரும் வைத்து, சொல்லத் தெரியாத துயரங்களைக் குழந்தைகள் மணலில் வடித்துக் காட்டுவதற்கு வழி செய்தார். எழுத்துப் பழகும் சாதனமாக நம்மிடமிருந்து சென்ற மணல், ஆராயும் சாதனமாகவும் ஆற்றும் சாதனமாகவும் வளர்ந்து, இப்போது நம்மிடம் திரும்பி வருகிறது. நீண்ட யுத்தத்தின் துன்பத்தை அநுபவித்த மன்னார்ப் பகுதியில் அதன் ஆற்றும் பயனையும் நாம் சிறிதாக எண்ணலாகாது.

மேசையைத் தெரிதல்

மேசையின் உயரத்தைக் கடைக்காரரிடம் கேட்கவேண்டியதில்லை. குழந்தையை நிறுத்தி அளக்கவேண்டும். மேசையின் விளிம்பு குழந்தையின் முழங்கைக்குச் சற்றுத் தாழ இருப்பின், தோளை உயர்த்தாமலும் முதுகை வளைக்காமலும் அதன் கை அடிவரை சென்று மீளும். இரண்டு மூன்று வயதினருக்கு ஏறக்குறைய 45 சென்ரிமீற்றரும், நான்கைந்து வயதினருக்கு ஏறக்குறைய 55 சென்ரிமீற்றரும் பொருத்தமானவை. நடக்க இயலாத குழந்தை சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பங்குகொள்ளுமாறு, ஒரு பக்கத்தில் குறுக்குச் சட்டம் இன்றி அடிப்புறம் திறந்திருத்தல் வேண்டும். கடற்கரை மணலில் சக்கரம் புதையும். மேசையோ அக்குழந்தையையும் ஏனையோருக்குச் சமமாக நிறுத்துகிறது. வாசலில் கடல் இருந்தும் மேசை வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது நிறை. நீளம் 90, அகலம் 60 சென்ரிமீற்றர் கொண்ட தொட்டியில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் இட்டால் அது 54 லீற்றர் ஆகும். உலர்ந்த மணலாயின் ஏறக்குறைய 85 கிலோகிராம் நிறுக்கும். நனைந்தால் அதனினும் கூடும். நான்கு குழந்தைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதையும் கருதினால், மடித்து விரிக்கும் மெல்லிய கால்களை உடைய மேசைகள் இதற்கு உதவா என்பது விளங்கும். வேப்பம் பலகையோ தேக்கோ கொண்டு ஊர்த் தச்சர் செய்யும் சட்டத்தில் அகன்ற பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றைப் பதித்துவிட்டால் அது பல ஆண்டு உழைக்கும். பனஞ்சிலாகை உறுதியானதாயினும், அதன் கரிய நார்கள் ஊசிபோற் பிரிந்து விரலில் ஏறுமாதலால், கால்களுக்கு அதனைப் பயன்படுத்திக் கை படும் விளிம்புக்கு வேறு மரத்தை இடுவது நன்று. மீன் ஏற்றி வந்த ரெஜிபோம் பெட்டிகள் இலேசாகக் கிடைக்கும். ஆனால் அவை உதிர்ந்து சிறு மணிகளாகக் குழந்தையின் வாய்க்குள் போகும். உடைந்த ஃபைபர் படகின் துண்டுகளும் ஆகா. அவற்றின் கண்ணாடி இழைகள் தோலில் தைக்கும். தொட்டியின் அடியில் அடைப்பானோடு கூடிய ஒரு துளை இருந்தால் நீரை வெளியேற்றுதல் எளிது.

மேசையை நிறுத்தும் இடத்தைக் காற்று நிச்சயிக்கிறது. 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையத்தை 2020 இல் இத்தீவில் நிறுவச் செய்த அதே காற்று, உலர்ந்த மணலைக் குழந்தையின் கண்ணிலும் வாரி இறைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் சுவரின் மறைவிலோ விறாந்தையிலோ மேசை நிற்கட்டும். மணலில் சிறிது நீர் தெளித்தால் தூசி எழாது. இறுக்கமான மூடி ஒன்று அவசியம். இல்லையேல் இரவில் பூனை அதனைத் தன் கழிப்பிடமாக்கி, குடற்புழுவின் முட்டைகளை விட்டுச் செல்லும்.

மேசையில் இடுவன

தொடக்கத்தில் உலர்ந்த மணல் ஒன்றே போதும். பல நிற உருவங்களையும் விளையாட்டுச் சாமான்களையும் அதில் நிறைத்தால், குழந்தையின் கவனம் மணலை விட்டு அவற்றின்மீது தாவும். உலர்ந்த மணலைக் குவித்தால் ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சரிவில் அது நின்றுவிடும். எவ்வளவு சேர்த்தாலும் குவியல் பெருகுமேயன்றிச் சரிவு மாறாது. நாலைந்து நாள் இதிலே திளைத்த பிள்ளைகளுக்கு, ஒரு சிரட்டை நீரை மாத்திரம் கொடுங்கள். மணிகளுக்கிடையே நீர் நுண்ணிய பாலங்களாக நின்று, பரப்பிழுவிசையினால் அவற்றை ஒன்றையொன்று பற்றச் செய்கிறது. சரிந்த மணல் செங்குத்தாக நிற்கத் தொடங்குகிறது. டானியல் பொன் முதலிய பௌதிக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கனவளவில் நூற்றில் ஒரு பங்கு நீரே மணற்கோபுரத்துக்கு உச்ச உறுதியை அளிக்கிறது. மிகுதியாக ஊற்றினால் அப்பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்து மணல் குழம்பாய் ஓடும். "இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டால் என்ன நடக்கும், சொல்லு பாப்பம்?" என்ற ஒரு வினாவுக்குள் இந்த ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஈரமணலை மிதித்தால் பாதத்தைச் சுற்றி அது திடீரென்று வெளுத்து உலர்வதைக் கரையோரப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நெருங்கிச் செறிந்த மணிகள் அழுத்தத்தால் இடம் பெயரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளிகளைப் பெரிதாக்க, மேலே நின்ற நீர் அவ்விடைவெளிகளுக்குள் இறங்குகிறது என்று 1885 இல் பௌதிக அறிஞர் ஒஸ்போன் றெயினோல்ட்ஸ் விளக்கினார். மேசையில் உள்ளங்கையால் அழுத்தினால், அலையின் தொந்தரவின்றி அதனையே எத்தனை முறையும் காணலாம்.

மூன்றாவதாக இடவேண்டியது, மன்னார்க் கரையில் அலை ஒதுக்கும் கரிய மணற்கோடுகளினின்றும் அள்ளிய ஒரு சிறு பொதி. வெண்மணலின் பெரும்பகுதியான படிகக் கல்லின் ஒப்படர்த்தி 2.65, கரிய மணலில் உள்ள இல்மனைற்றின் ஒப்படர்த்தியோ ஏறத்தாழ 4.7. கனிய மணல் அகழ்வு பற்றி இத்தீவின் பெரியவர்கள் கவலையோடு வாதிட்டு வருகின்ற பொருள் இதுவே. ஒரே அளவான இரண்டு சிரட்டைகளில் ஒன்றில் வெள்ளையையும் மற்றதில் கருமையையும் நிரப்பிக் கையிலே தூக்கிப் பார்க்கும் குழந்தை, அளவு ஒன்றாயினும் நிறை வேறாகும் என்ற தத்துவத்தைச் சொல்லின்றியே அறிந்துகொள்கிறது. அடுக்களையிலுள்ள அரிக்கன்சட்டியில் இரண்டையும் கலந்து நீர் விட்டு அசைத்தால், அரிசியில் கல் தங்குவது போலவே கரிய மணல் வரிகளில் தங்கும். கடலலை செய்த வேலையை அது மேசையிலே செய்து காட்டுகிறது.

சலித்தல் என்ற செயலில் மன்னாருக்கு ஒரு பெரும் பரம்பரை உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், சிப்பிகளிலிருந்து கழுவியெடுத்த முத்துக்களை அளவின்படி பிரிப்பதற்கு, 20 துளை முதல் 1000 துளை வரை படிப்படியாகத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளை வணிகர் பயன்படுத்தினர். துளை குறைந்த தட்டில் தங்கியது பெரிய முத்து. கீழே இறங்க இறங்கச் சிறியவை. இதே ஒழுங்கில், கண் பெரிதும் சிறிதுமான மூன்று அரிதட்டுகளை மேசையில் வைத்து, ஊரி, சிறுகல், மணல் மூன்றையும் கலந்து கொடுத்தால், ஐந்து வயதுக் குழந்தை வகைப்படுத்தல், வரிசைப்படுத்தல் என்ற கணித வினைகள் இரண்டையும் தானே செய்து முடிக்கும்.

பிறகு நீர். அகன்ற சட்டி, ஒடுங்கிய போத்தல், ஓலைப் பிளா என்று வடிவம் வேறுபட்ட பாத்திரங்களை இடுங்கள். ஏறக்குறைய ஏழு வயதுவரை பெரும்பாலான குழந்தைகள் உயர்ந்து ஒடுங்கிய பாத்திரத்திலேயே நீர் அதிகம் என்று கருதுவர் என்பதை உளவியலறிஞர் பியாஜே காட்டியிருக்கிறார். அதனை அவசரப்பட்டுத் திருத்தவேண்டியதில்லை, ஊற்றி ஊற்றிப் பார்க்கட்டும். வெயில் காய்கின்ற மாதங்களில் ஓர் அகன்ற தட்டில் ஒரு லீற்றர் கடல்நீரை வலை மூடி வைத்தால், சில நாட்களில் நீர் போய் ஏறத்தாழ 35 கிராம் உப்பு எஞ்சும். மன்னார் உப்பளத்தின் தொழில் முழுவதும் அத்தட்டிலே நிகழ்ந்து முடிந்துவிடும்.

காவல்

இத்துணை நன்மையும் ஜாக்கிரதையைப் பொறுத்தவை. ஐந்து சென்ரிமீற்றர் நீரிலும் சிறு குழந்தை மூழ்கி உயிரிழக்கக்கூடும். ஆகையால் நீர் இட்ட மேசையருகே பெரியவர் ஒருவர் இல்லாமல் ஒரு கணமும் கழியலாகாது. நாள்தோறும் நீரை முற்றாக வடித்துத் தொட்டியைத் துடைத்து உலர்த்தினால், டெங்கு நுளம்பு அதில் பெருகாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஊரி, விதை, மணி முதலிய சிறு பொருள்களை வைக்கலாகாது. பயறும் கடலையும் மூக்கிலோ காதிலோ புகுந்தால் ஈரத்தால் ஊதிவிடும். கடைகளில் வண்ண வண்ணமாக விற்கப்படும் வோட்டர் பீட்ஸ் என்ற நீருறிஞ்சும் மணிகளை எந்த வயதினருக்கும் கொடுக்கவேண்டாம். விழுங்கிய மணி வயிற்றினுள் பன்மடங்கு பருத்துக் குடலை அடைத்துவிடும்.

மீன்பிடிக் கரையின் மணலில் தூண்டில் முள்ளும் தங்கூசித் துண்டும் கண்ணாடிச் சில்லும் சிப்பியின் கூரிய ஓடும் கிடக்குமாதலால், மணலை அரித்து நன்னீரில் கழுவி வெயிலில் உலர்த்திய பின்னரே இடவேண்டும். யுத்தகாலத்து வெடிபொருள்கள் புதையுண்ட நிலங்கள் இருந்த மாவட்டம் இது. ஆகவே ஆள் நடமாட்டமுள்ள, நன்கு அறிந்த இடத்து மணலையே எடுத்தல் வேண்டும். கல் உடைக்கும் இடத்துத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. சோற்றுக்குரிய அரிசியையும் மாவையும் கொட்டி விளையாடுவது, பச்சை மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் மட்டுமன்றி, உணவின் அருமை அறிந்த வீடுகளில் குழந்தைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு மனப்பான்மைகளைக் கற்பிக்கும் என்பதாலும் தவிர்க்கத்தக்கது. மணலும் உப்பும் ஓலையும் ஊரியும் நிறைந்த ஊரில் அதற்கு அவசியமும் இல்லை.

பெரியோரின் பங்கு

மேசையருகே நிற்கும் ஆசிரியையின் முதற்கடமை பொறுமை. "இது என்ன நிறம், இது எத்தனை" என்று அடுக்கடுக்காகக் கேட்டால், குழந்தை தன் வினாவை விட்டு அவருடைய வினாவுக்கு விடை தேடத் தொடங்கும். "ரீச்சர், இது ஏன் விழுகுது?" என்று அது கேட்கும்போது காரணத்தை உடனே உரைத்துவிடாமல், வேறு எப்படிச் செய்து பார்க்கலாம் என்று கேட்பதே நல்லாசிரியரின் இலக்கணம். மேசையிலுள்ள பொருளை நாள்தோறும் மாற்றுவதும் தவறு. ஒரு பொருள் ஒரு வாரமேனும் நிலைத்தால்தான் நேற்றுக் கண்டதை இன்று சோதிக்க முடியும். நான்கு பேருக்கு மேற்பட்டால் ஆராய்ச்சி தள்ளுமுள்ளாக மாறும். ஆகவே முறை வைத்து விடுங்கள்.

ஈரத்தையும் ஒட்டுந்தன்மையையும் சகியாத குழந்தைகள் உண்டு. ஓட்டிசம் உடைய பிள்ளைகளிடம் இது விசேஷமாகக் காணப்படும். அவர்கள் கையைப் பிடித்து மணலுக்குள் அமுக்குவது கொடுமை. ஓர் அகப்பையைக் கொடுத்து, உலர்ந்ததிலிருந்து தொடங்கி, அவர்கள் விரும்பும் தூரத்தில் நிற்க விடுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பதும் பங்குகொள்வதே. வேறு சில பிள்ளைகள் ஸ்பரிசத்தை அளவின்றி நாடுவர். அவர்களுக்கு ஆழமான ஈரமணலைப் பிசைவது மனத்தை ஒருநிலைப்படுத்தும்.

மழைக்காலத்தில் நீரும் ஈரமணலும், சோளகக் காலத்தில் மறைவிடத்தில் சலிப்பும் பிரிப்பும், வெயில் முதிர்ந்தபின் உப்பு என்று மன்னாரின் பருவங்களை ஒட்டியே ஓர் ஆண்டின் பாடத்தை வகுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டுவன ஒரு தச்சரின் இரண்டு நாள் வேலை, ஒரு தொட்டி, சில சிரட்டைகள், மூன்று அரிதட்டுகள், கவனிக்கும் இரண்டு கண்கள். இவற்றைத் தேடிக்கொள்ள இயலாத ஊர் இக்கரையில் ஒன்றும் இல்லை. அவ்வாறு ஓராண்டு நின்று விளையாடிய பிள்ளை, பின்னர் மேல்வகுப்பில் அடர்த்தி, ஆவியாதல், பரப்பிழுவிசை என்ற சொற்களை முதன்முறையாகக் கேட்கும்போது, அவற்றைப் பரீட்சைக்காக மனனம் செய்யவேண்டிய அந்நியச் சொற்களாகக் கருதாது; தன் கைகள் நெடுநாள் முன்பே கண்டறிந்து, பெயரின்றி வைத்திருந்த உண்மைகளுக்குப் பெயர் கிடைத்தது என்று மகிழும்.